நுரை ஒழுகும் முதல் நாள்

கோமாரி கண்ட மாடு முதலில் காட்டிக்கொடுப்பது பாலில்தான். காலையில் ஆறு லிட்டர் கறந்தது சாயங்காலம் மூன்றுக்கு இறங்கிவிடும். தொட்டியில் கரைத்து வைத்த தவிடு வைத்தபடி கிடக்கும். காதைத் தொட்டால் சுடும். மறுநாள் விடிவதற்குள் கடைவாயில் எச்சில் நூலாகத் தொங்கத் தொடங்கும். மாடு ஓயாமல் சப்புக்கொட்டும். ஒரு காலில் நிற்க முடியாமல் மாற்றி மாற்றி வைக்கும். வாயைப் பிரித்துப் பார்த்தால் நாக்கில் கொப்புளம். பல சமயம் கொப்புளம் உடைந்து, நாக்குத் தோல் ஏற்கெனவே உரிந்திருக்கும்.

பால் குறைந்த வேளைக்கும் எச்சில் ஒழுகும் வேளைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நாள். மந்தையில் தொற்று அடங்குமா ஊர் முழுக்கப் பாயுமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளிலும் அதற்கடுத்த நாளிலும் முடிவாகிறது. நாம் அந்த இரண்டு நாளையும் வைத்தியத்தில் செலவழிக்கிறோம். நோய் கண்ட மாட்டுக்கு அது தேவைதான், ஆனால் மந்தையைக் காப்பாற்றுவது வேறு வேலை.

மந்தை என்று இங்கே சொல்வது எதை? ஹாலந்திலோ டென்மார்க்கிலோ மந்தை என்றால் வேலி போட்ட பண்ணைக்குள் ஒரே உடைமையாளரின் நூறு, இருநூறு மாடுகள். அங்கே எழுதப்பட்ட நோய்த்தடுப்பு நூல்கள் எல்லாம் அந்த வேலியிலிருந்துதான் தொடங்குகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். இவற்றில் பெரும்பகுதி வீட்டுக்கு இரண்டு, மூன்றாக நிற்பவை. பார்வைக்குத் தனித்தனிக் கட்டுத்தறிகள். ஆனால் தண்ணீர் காட்டுவது ஒரே ஏரியில். மேய்ச்சல் ஒரே கரம்பில். பால் ஊற்றுவது ஒரே சொசைட்டியில். சினை ஊசி போட வருபவர் ஒருவரே. கன்றையும் வற்றிய மாட்டையும் விலை பேசிப் போகும் தரகரும் ஒருவரே. வைரஸின் கணக்கில் அந்த ஊர் முழுவதும் வேலியில்லாத ஒற்றை மந்தை.

அந்த வைரஸைக் கொஞ்சம் பார்ப்போம். 1898இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் லோஃப்லரும் பால் ஃபுரோஷும் கோமாரிக் கொப்புள நீரை, பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த தெளிநீரை மாட்டுக்குச் செலுத்தினால் அதற்கும் நோய் வந்தது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று இருப்பதற்கான முதல் சான்று அதுதான். லோஃப்லர் ஆய்வைத் தொடர்ந்தபோது சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்கும் நோய் பரவியதால், 1910இல் ஆய்வுக்கூடத்தையே பால்டிக் கடலில் ரீம்ஸ் என்ற தீவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2007இல், இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு வளாகத்தில் பழுதான கழிவுநீர்க் குழாய் வழியாக இதே வைரஸ் கசிந்து பக்கத்துப் பண்ணைகளைப் பிடித்தது. கவச உடையும் காற்று வடிகட்டியும் வைத்தவர்களிடமிருந்தே தப்பிய கிருமி இது. சாணம் மிதித்த செருப்போடு வீடு வீடாகப் போகும் நம்மை அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொண்டைக்கு மேலே, மூக்கின் பின்பகுதியில் உள்ள மெல்லிய தோலில்தான் வைரஸ் முதலில் குடியேறுகிறது. அங்கே பெருகி இரத்தத்தில் கலந்து, உராய்வும் அழுத்தமும் அதிகமுள்ள தோல்களைத் தேடிப் போகிறது: நாக்கு, ஈறு, குளம்பின் இடுக்கு, மடிக்காம்பு. செல்களுக்குள் பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருவதுதான் கொப்புளம். வளர்ந்த மாடு இதில் சாவது குறைவு. கன்றின் கதை வேறு. இளங்கன்றுகளில் வைரஸ் இதயத் தசையைத் தாக்கும். கொப்புளம் எதுவும் தெரியுமுன்பே, தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று சுருண்டு விழுந்து செத்துவிடும். அதை அறுத்துப் பார்க்கும் மருத்துவர்கள் இதயத்தில் வெளுத்த வரிகளைக் காண்பார்கள். தாய்க்கு நோய் என்று தெரிந்ததும் கன்றைப் பிரித்து, நோயில்லாத மாட்டின் பாலையோ காய்ச்சி ஆற்றிய பாலையோ கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

பிழைத்த மாடும் பழைய மாடாகத் திரும்புவதில்லை. காம்புப் புண் வழியாக மடிவீக்கம் வந்து ஒரு காம்பு அடைபட்டுப் போகலாம். சினை கலையலாம். சில மாடுகளுக்கு உடம்பின் வெப்பக் கட்டுப்பாடே கெட்டு, மயிர் நீண்டு, வெயில் ஏறினாலே மூச்சிரைக்கும். சித்திரை வைகாசியில் அவற்றைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகள் நாட்டு மாடுகளைவிடக் கடுமையாக அடிபடுகின்றன. 2013இல் தமிழகம், கர்நாடகம், கேரளம் எங்கும் கோமாரி பரவியபோது இதைக் கண்ணாரப் பார்த்தவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. பள்ளிக் குழந்தைகளுக்கு வாயிலும் கையிலும் காலிலும் கொப்புளம் வரும் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வேறொரு வைரஸ். கோமாரி மனிதரைத் தொடுவது மிக மிக அரிது, தொட்டாலும் லேசானது. காய்ச்சிய பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் மனிதர் அதைச் சுமக்கிறார்கள். நோய் கண்ட மாட்டின் மூச்சை இழுத்தவரின் மூக்கில் ஒரு நாள் வரைகூட வைரஸ் தங்கியிருந்ததைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். கறந்த கை, பால் கேன், மாட்டின் வாயைத் திறந்து மருந்து தடவிய துணி, குளம்பைப் பார்க்கக் குனிந்தவரின் லுங்கி, எல்லாமே வண்டிகள்தான். காற்றிலும் போகும். 1981இல் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் நோயுற்ற பன்றிகள் மூச்சுவிட்ட வைரஸ், கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குச் சொந்தமான வைட் தீவில் மாடுகளைப் பிடித்தது. குளிர்ந்த, ஈரமான கடற்காற்றில்தான் அப்படிப்பட்ட பயணம் சாத்தியம். நம் வெயிலும் வறட்சியும் வைரஸைச் சீக்கிரம் கொன்றுவிடும். ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், நிழலில் குவிந்த சாணத்திலும் கோமியத்திலும் அது வாரக்கணக்கில் உயிர்ப்போடிருக்கும்.

இப்போது அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். நோய்க்குறி தெரிவதற்கு முன்பே பாலிலும் எச்சிலிலும் வைரஸைக் கண்டுபிடிக்க முடியும் என்பது பழைய, உறுதியான செய்தி. அதனால் மாடு எச்சில் வடிப்பதற்குள் நோய் பரவி முடிந்துவிடும், நாம் எப்போதும் பிந்தித்தான் போகிறோம் என்ற எண்ணம் துறையிலேயே ஊறியிருந்தது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதை உலுக்கியது. அவர்கள் செய்தது எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் அப்படிச் செய்து பார்க்கவில்லை. நோய்த்தொற்று ஏற்றப்பட்ட கன்றோடு நோயில்லாத கன்றைச் சில மணி நேரம் மட்டும் சேர்த்து வைத்துப் பிரித்தார்கள். பிறகு வேறொரு நாளில் வேறொரு கன்றை. எந்த நாளில் சேர்த்த கன்றுக்கு நோய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். இரத்தத்திலும் மூக்கிலும் வைரஸ் நிறைந்திருந்த பல வேளைகளில் பக்கத்தில் நின்ற கன்றுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு மாடு மற்றொன்றுக்கு நோயைக் கொடுக்கக்கூடிய காலம் சராசரியாக 1.7 நாள்தான் என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியம், அந்தக் காலம் தொடங்கியது நோய்க்குறி தெரிந்து சுமார் அரை நாள் கழித்து.

இது ஆய்வுக்கூடத்தில், கன்றுக்குக் கன்று நேரடியாகத் தொற்றியதைப் பற்றிய கணக்கு. பால் கேன் வழியாகவும் சாணம் வழியாகவும் போவது இதில் சேராது. அதையெல்லாம் கழித்த பிறகும் இது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தியாகவே படுகிறது. காரணம், அரை நாள் என்பது ஆய்வாளருக்குக் குறைந்த நேரமாகத் தெரியலாம். கறவை வைத்திருக்கும் வீட்டில் அதற்குள் ஒரு முறையாவது மடியில் கை வைத்தாக வேண்டும். தினம் இரண்டு வேளை ஒவ்வொரு மாட்டையும் தொட்டு, முகம் பார்த்து, பால் அளந்து வைக்கும் கண்காணிப்பாளர் அந்த வீட்டுப் பெண்தான். நாலாயிரம் ஆடுகள் மேயும் மலைச்சரிவில் அப்படிப்பட்ட கண் கிடையாது.

2001இல் பிரிட்டனில் நடந்தது அதுதான். வேகவைக்காத எச்சில் உணவு தின்ற பன்றிகளில் நோய் தொடங்கி ஆடுகளுக்குப் போனது. செம்மறியாட்டில் கோமாரி லேசாக வந்து போகும், யாரும் கவனிப்பதில்லை. எசெக்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்தில் முதல் நோய்ப் பன்றியைக் கண்டபோது, ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாக ஆடுகள் நாடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தன. முடிவில் கொன்றவை அறுபது லட்சத்துக்கும் மேல்.

நாம் கொல்லும் வழியில் போக முடியாது. மனம் இடம் தராது. வீட்டுக்கு இரண்டு மாடு வைத்திருக்கும் ஊரில் அந்த வழி வாழ்க்கையையே அறுத்துவிடும். ஆகவே நமக்கு இருப்பவை ஊசியும் நடமாட்டத் தடையும்தான்.

நடமாட்டம் என்றதும் சந்தை நினைவுக்கு வரும். ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளுக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பல மாநில வியாபாரிகள் வருகிறார்கள். ஒரே நாளில் கைமாறும் மாடுகள் மறுநாள் பல மாவட்டத் தொழுவங்களில் நிற்கும். நோய் கடுமையானால் அரசு சந்தையை மூடுகிறது. 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதற்குள் போக வேண்டியது போயிருக்கும். சந்தையை மூடுவதைவிடப் பலன் தருவது, வாங்கி வந்த மாட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுவது. தனியே என்றால் வேறு தொட்டி, வேறு வாளி, கடைசியாகக் கறவை. இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். வேப்பமரத்தடி போதும், மற்ற மாடுகளுக்கு மூக்கு எட்டாத தூரத்தில்.

வீட்டிலேயே நோய் வந்துவிட்டால் ஒழுங்கு தலைகீழாக மாற வேண்டும். பாவம் என்று முதலில் நோய் மாட்டிடம் போவதுதான் வழக்கம். முதலில் நோயில்லாத மாடுகளைக் கறந்து, தீனி வைத்து முடித்துவிட்டு, கடைசியில் அதனிடம் போக வேண்டும். முடிந்தால் வேறொருவர். கைக்கும் காலுக்கும் வாளிக்கும் சலவை சோடா. இந்த வைரஸுக்கு மேலுறை கிடையாது, அதனால் சோப்பு மட்டும் அதை எளிதில் கொல்லாது. ஆனால் அமிலத்துக்கும் காரத்துக்கும் அது தாங்காது. பிஎச் 6க்குக் கீழே போனாலும் 9க்கு மேலே போனாலும் அதன் புரதக்கூடு குலைந்துவிடும். நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ சலவை சோடா என்பது உலகெங்கும் புழங்கும் அளவு. மளிகைக்கடையில் கிடைக்கும் பொருள். சாணத்தை அள்ளித் தேய்த்துக் கழுவிய பிறகு ஊற்ற வேண்டும். சாணத்தின் மேல் ஊற்றினால் வீண்.

சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து வாயில் தடவும் மருந்தும், குப்பைமேனியும் வேப்பிலையும் நல்லெண்ணெயில் காய்ச்சிக் குளம்பில் போடும் மருந்தும் பல ஊர்களில் கைவசம் உண்டு. கால்நடை மருத்துவர்களில் பலரும் பரிந்துரைக்கிறார்கள். புண் ஆறும், மாடு தீனி எடுக்கும், ஈ மொய்க்காது. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும் வைரஸை அது தடுக்காது. மருந்து தடவிய அதே கையோடு அடுத்த மாட்டைத் தொட்டால், தடவியவரே பரப்பியவராகவும் ஆகிறார்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். கோமாரி வைரஸில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது. இந்தியாவில் இப்போது நடமாடுபவை ஓ, ஏ, ஏசியா 1 என்னும் மூன்று. பெரும்பாலான பரவல்களுக்குக் காரணம் ஓ. நம் தடுப்பூசியில் இந்த மூன்றும் கொல்லப்பட்ட நிலையில் இருக்கின்றன. பாதுகாப்பு ஆறு மாதம் அளவே நிற்கும். 2019 செப்டம்பர் 11இல் மதுராவில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் ஊசி போடுவது என்று திட்டமிட்டது. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை குத்தப்படுவது இதன் கணக்குக்காகத்தான். 2025க்குள் கட்டுப்பாடு, 2030க்குள் ஒழிப்பு என்பது அப்போது வைத்த இலக்கு.

இலக்கு சரி, கணக்கு எப்படிப் போகிறது? ஒரு நோய் மாடு சராசரியாக ஐந்து மாடுகளுக்கு நோயைக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தில் நான்குக்குப் பாதுகாப்பு இருந்தால் நோய் ஒன்றுக்கு ஒன்றாகக் குறைந்து அடங்கத் தொடங்கும். அதாவது நூற்றுக்கு எண்பது. ஊரில் நூறு மாட்டில் எண்பதுக்கு ஊசி போட்டாயிற்று என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். போட்டதில் நூற்றுக்கு எண்பத்தைந்து மாடுகளின் உடலே சரியாக எதிர்வினை காட்டியது என்றால், உண்மையில் பாதுகாப்பு உள்ளவை அறுபத்தெட்டு. அடுத்த சுற்று வரும்வரை பிறக்கும் கன்றுகள், சந்தையிலிருந்து புதிதாக வந்தவை, இரண்டையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். நான்கு மாதம் ஆகாத கன்றுக்கு ஊசி போட்டால், சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புப் பொருளே ஊசியைச் செயலற்றதாக்கிவிடும். நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது என்ற முறை இதனால்தான். அந்த இரண்டாவது ஊசிதான் பெரும்பாலும் தவறிப்போகிறது.

தவறுவதற்கு வீட்டுக்காரர் சொல்லும் காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஊசி போட்ட மறுநாள் பால் குறைகிறது என்பார். உண்மைதான், இரண்டொரு நாள் கொஞ்சம் குறையலாம். சொசைட்டிப் பணத்தில் வாரக்கடன் கட்டுபவருக்கு அந்தக் கொஞ்சமும் கணக்குதான். சினை கலையும் என்ற பயமும் இருக்கிறது. அதற்குப் பெரிய ஆதாரமில்லை, ஆனால் நிறைசினை மாட்டை முரட்டுத்தனமாகப் பிடித்துக் கட்டினால் பயம் உண்மையாகலாம். இன்னொன்று, குளிர்ச்சி. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து இது. வெயிலில் நின்றாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஐஸ் பெட்டியில் உறைந்து உருகிய குப்பியும் பார்வைக்கு நல்ல குப்பி போலவே இருக்கும்.

ஊரில் நோய் வந்த பிறகு ஊசி போடுவதென்றால் எங்கே தொடங்குவது? வைக்கோற்போர் பற்றி எரிந்தால் சுற்றியுள்ள கூரைகளைத்தான் முதலில் நனைப்பார்கள், அதே முறைதான். நோய் வராத பக்கத்து ஊர்களிலிருந்து வட்டமாக உள்நோக்கி வர வேண்டும். பாதுகாப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் ஏற்கெனவே தொற்று ஏறிய மாட்டுக்கு ஊசி பயன்படாது. நோய் வீட்டில் தொடங்கி, அதே ஊசிமுனையோடும் அதே செருப்போடும் அடுத்த தெருவுக்குப் போனால், தடுப்பூசி முகாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த ஊசியால் நோயை ஒழித்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் வெக்கை நோயைக் காட்டுவார்கள். நியாயமான கேள்வி. நூற்றாண்டுகளாக மாட்டினத்தையே வாரிக்கொண்டு போன வெக்கை, இந்தியாவில் கடைசியாக 1995இல் தலைகாட்டியது. அது நம் வட ஆர்க்காட்டுப் பக்கம். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. ஆனால் வெக்கை வைரஸ் ஒரே வகை. ஒரு ஊசி பல ஆண்டுகள் காத்தது. பிழைத்த மாடு வைரஸைச் சுமந்து திரியவில்லை. கோமாரி இந்த மூன்றிலும் எதிர். குணமான மாட்டின் தொண்டையிலும், ஊசி போட்டிருந்தும் தொற்று ஏறிய மாட்டின் தொண்டையிலும்கூட வைரஸ் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அப்படி ஒளிந்திருப்பது மற்ற மாடுகளுக்கு எவ்வளவு தொற்றும் என்பதில் துறைக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

ஒரு வசதி மட்டும் இருக்கிறது. சுத்திகரித்த தடுப்பூசியில் வைரஸின் மேல்கூட்டுப் புரதங்கள்தான் இருக்கும். உயிருள்ள வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் வேறு புரதங்கள் இருக்காது. மாட்டின் இரத்தத்தில் அந்த இரண்டாம் வகைக்கு எதிர்ப்புப் பொருள் தென்பட்டால், ஊசி போட்டிருந்தாலும் சரி, உண்மையான தொற்று அதைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வட்டாரத்தில் ஊசி உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, எத்தனை குப்பி செலவானது என்று பார்ப்பதைவிட, இளம் மாடுகளின் இரத்தத்தில் இந்த அடையாளம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று பார்ப்பதே நேர்மையான கணக்கு.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது அந்த முதல் நாள் தகவல். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஊர்தி சேவை கிடைக்கிறது. ஊர் மருந்தகத்துக்கும் சொல்லலாம். ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்? சொன்னால் சொசைட்டியில் அந்த வீட்டுப் பாலை வாங்கத் தயங்குவார்கள். மேய்ச்சலுக்கு விடாதே என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தரகர் விலையைப் பாதியாக்குவார். மாட்டுக் காப்பீடு பெரும்பாலும் செத்தால்தான் பணம் தரும். கோமாரியில் வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை, பால்தான் சாகிறது. ஆகவே வாயைக் கட்டி மூன்று நாள் பார்ப்போம் என்று நினைப்பவரும், நோய் முற்றுமுன் வந்த விலைக்குத் தள்ளிவிடுபவரும் முட்டாள்கள் அல்ல. தங்கள் வீட்டுக் கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள். ஊரின் கணக்குதான் பிழையாகிறது. பிரிட்டனில் அரசு கொன்ற மாட்டுக்கு விலை கொடுத்தது. இங்கே கொல்லாத மாட்டின் கறவாத பாலுக்கு, முதல் நாளே சொன்னவருக்கு மட்டும், இரண்டு வாரப் பணத்தைச் சொசைட்டி மூலமாகக் கொடுத்தால் ஆகும் செலவு ஒரு சுற்றுத் தடுப்பூசிச் செலவோடு ஒப்பிட்டால் எவ்வளவு வரும் என்று யாராவது ஒரு ஒன்றியத்தில் போட்டுப் பார்க்கலாம்.